முடிவில்லாத படிப்பு

ரயில்வேயில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்குக் ‘கரெக்ஷன் ஸ்லிப்’ என்னும் திருத்தச் சீட்டைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சிறிது சொல்லுகிறோம். வண்டிகளை நடத்துவதற்கான பொது விதிகளும் துணை விதிகளும் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று உண்டு. விதி ஒன்று மாறினால் அதற்காகப் புத்தகம் முழுவதையும் மறுபடி அச்சிட மாட்டார்கள். மாறிய வாசகத்தை மட்டும் சிறு சீட்டாக அச்சிட்டு அனுப்புவார்கள். பழைய வரியின் மேல் அதை ஒட்டிக்கொள்ள வேண்டியது அவரவர் கடமை. சீட்டு ஒட்டப்படாத புத்தகமும் பார்வைக்குப் புத்தகமாகத்தான் இருக்கும்; அதன் அட்டையும் பளபளக்கும். ஆனால் அதை நம்பி வண்டியை விட்டால் என்ன நேரும் என்று சொல்லவும் வேண்டுமோ?

மருத்துவமும் இத்தகைய புத்தகமே என்பதைச் சென்ற மழைக்காலத்தில்தான் நாம் உணர்ந்தோம். நாம் வைத்தியம் கற்றவரல்லர். மெட்ரிகுலேஷன் தேறியதோடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டுக் குமாஸ்தா நாற்காலியில் அமர்ந்தவர். ஆயினும் நம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளும், அவற்றைத் தொடர்ந்து நாம் கேட்டும் படித்தும் அறிந்த செய்திகளும், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதத் துணிந்தோம்.

கதவில் தொங்கிய அட்டை

பிலாஸ்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ரயில்வே ஆஸ்பத்திரி இங்கிருந்து வெகு தொலைவு. நடந்து போகும் தூரத்தில் இருப்பது அரசாங்கத்தின் ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’. முன்னாளில் துணை சுகாதார நிலையம் என்று பெயர் பெற்றிருந்தது. அங்கே டாக்டர் இல்லை. ‘சமுதாய சுகாதார அலுவலர்’ என்ற பதவியில் ஒரு செவிலியர் இருக்கிறார், இந்தப் பக்கத்துப் பெண், இளவயதினர். கிராமத்தார் அவரைத் ‘தீதி’ என்று அழைப்பார்கள். நாமும் அவ்வாறே அழைத்து வருகிறோம்.

ஆடி மாதத்தில் ஓர் இரவு நம் மூன்று வயதுப் பெண்ணுக்குப் பேதி கண்டது. விடிவதற்குள் ஏழெட்டு முறை போய்விட்டது. குழந்தை தண்ணீர் கேட்டு அழுதாள். நம்முடன் இருக்கும் தாயார் அம்பாசமுத்திரத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். “தண்ணியைக் காட்டாதே ஐயா. குடிக்கக் குடிக்கப் போகும். வயிறு காயட்டும்” என்று தடுத்துவிட்டார். அவர் அன்பில் குறை காண இயலுமா? நாமும் பேசாமல் இருந்துவிட்டோம்.

காலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரோக்கிய மந்திருக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. ‘பயிற்சிக்குச் சென்றுள்ளார்’ என்று இந்தியில் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. அங்குள்ள மற்றொரு செவிலியரோ தடுப்பூசி போடுவதற்காக வேறு கிராமத்துக்குப் போயிருந்தார். நமக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “படித்துப் பாஸ் செய்து உத்தியோகத்துக்கு வந்த பிறகு இன்னும் என்ன படிப்பு? நோயாளியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பள்ளிக்கூடமா?” என்று வாய்க்கு வந்தபடி பேசினோம். வாசலில் நின்ற கிழவர் ஒருவர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

நாம் போட்ட சத்தம் கேட்டு வந்தவர் மிதானின். ஆஷா என்று மற்ற மாநிலங்களில் அழைக்கப்படும் கிராம சுகாதாரத் தொண்டர்களுக்குச் சத்தீஸ்கரில் அதுவே பெயர். ‘தோழி’ என்று பொருள். அவர் குழந்தையின் கண்களைப் பார்த்தார். வயிற்றுத் தோலை இரு விரல்களால் கிள்ளி விட்டுப் பார்த்தார். பிறகு நம் வீட்டுக்கே வந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைப் பிரித்து, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டத் தொடங்கினார். தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்றும், மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும் என்றும் நம் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். நண்பகலுக்குள் குழந்தையின் கண்களில் ஒளி திரும்பியது.

அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கிய தீதி, செய்தி கேட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். காலையில் நாம் பேசிய பேச்சும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜிங்க் என்னும் துத்தநாக மாத்திரைகளைக் கொடுத்து, “பேதி நின்றுவிட்டாலும் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும், பையா” என்றார். மூன்றாம் நாள் பேதி நின்றதும் நாம் மாத்திரையை நிறுத்திவிட்டதை அறிந்தபோதுதான் கடிந்துகொண்டார்.

நான்கு திருத்தச் சீட்டுகள்

நம் தாயார் சொன்னது மூட நம்பிக்கையா? அன்று, அது பழைய வரி. பேதி கண்டால் வயிற்றைக் காயப்போடுவது ஒரு காலத்தில் பலரும் ஏற்றிருந்த வழக்கமே. அந்த வரி எங்கே மாறியது என்று தேடினோம். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, எல்லையிலுள்ள பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் குளுகோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது. அதன் பின்னும் அந்த வரி நிலைத்து நிற்கவில்லை. 2002-இல் உப்பையும் சர்க்கரையையும் குறைத்த புதிய கலவையை உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. 2004-இல் யூனிசெப்புடன் சேர்ந்து துத்தநாகத்தையும் கொடுக்குமாறு அறிவித்தது. 2001-இல் செவிலியர் பட்டயம் பெற்ற ஒருவர் அதன் பின் எதுவும் கற்கவில்லையென்றால், அவர் புத்தகத்தில் இவ்விரண்டு சீட்டுகளும் இரா.

காச நோயை எடுத்துக்கொள்வோம். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து மலைப்பாங்கான சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்துக்கு ஈடாகக் குணம் ஏற்படும் என்று 1959-இல் நிரூபித்துக் காட்டியது. நம் சென்னை அச்சிட்டு உலகுக்கு அனுப்பிய திருத்தச் சீட்டு அது என்று பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். அதே நோய்க்கு வாரம் மூன்று நாள் மாத்திரை என்று நம் நாட்டுத் திட்டத்தில் இருந்த முறை 2017-இல் தினசரி மாத்திரை என்று மாறியது. கிராமத்தில் அந்த மாத்திரையை எண்ணிக் கொடுப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி. மூச்சு நின்று நாடியும் நின்றவருக்கு முதலில் வாயைத் திறந்து மூச்சு ஊதுக என்று நமக்குக் கற்பித்தார்கள். 2010-இல் அமெரிக்க இருதயச் சங்கம் இந்த வரிசையை மாற்றி, மார்பை அழுத்துவதை முதலில் வைத்தது.

நான்காவது, பாம்புக்கடி. கயிற்றால் இறுகக் கட்டு, கத்தியால் கீறு, வாயால் உறிஞ்சு என்று பழைய பாடம் கூறும். இறுகக் கட்டினால் உறுப்பே அழுகக்கூடும், கீறினால் இரத்தம் நில்லாமல் போகும், உறிஞ்சுவதால் பயனில்லை. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், மோதிரம் வளையல்களைக் கழற்றி, ஆஸ்பத்திரிக்கு விரைந்து கொண்டு போவதே இன்றைய பாடம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்து இங்கே கிடைக்கிறது. அதைத் தயாரிக்க வேண்டிய நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் பல்லாண்டுகளாகச் சேகரித்து வழங்கி வருகிறது.

முதலில் பார்ப்பவர் யார்?

நம் வாழ்வில் நோய் வந்தால் முதன்முதல் நம்மைத் தொட்டுப் பார்ப்பவர் டாக்டரே என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. உலகின் பல பகுதிகளில் அது மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு இடங்களில் இரண்டு விதைகள் ஊன்றப்பட்டன. கொலராடோவில் லொரெட்டா போர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, அனுபவம் வாய்ந்த செவிலியர்களுக்குப் பரிசோதிக்கவும் சிகிச்சை தரவும் பயிற்சி கொடுத்தார்கள். ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற வகுப்பு அவ்வாறு தோன்றியது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக் கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்து திரும்பியவர்களைச் சேர்த்துக்கொண்டு ‘பிசிஷியன் அசிஸ்டெண்ட்’ என்ற வகுப்பை ஆரம்பித்தார். 1967-இல் முதல் மூவர் தேறி வெளிவந்தனர்.

இவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு அந்நாட்டார் சும்மா இருக்கவில்லை. பிசிஷியன் அசிஸ்டெண்ட் தம் சான்றிதழைக் காப்பாற்றிக்கொள்ள 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை 100 மணி நேரக் கல்விக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர்களுக்குச் சான்றளிக்கும் சபைகளுள் ஒன்று, 5 ஆண்டுகளில் 1000 மணி நேரமாவது நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். 100 மணி நேரம் கற்றிருக்க வேண்டும். அதில் 25 மணி மருந்துகளைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் நிலைய மாஸ்டர்களும் எஞ்சின் ஓட்டுநர்களும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ரிப்ரெஷர் வகுப்புக்குப் போய்த் தீர வேண்டியிருப்பதைப் போன்றதே இது. தவணை கடந்தவரை வண்டியில் ஏற்ற மாட்டார்கள் அல்லவா?

நம் நாட்டில் இந்த முயற்சியை முதலில் துணிந்து செய்த மாநிலங்களுள் ஒன்று, நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தச் சத்தீஸ்கரே. மாநிலம் பிறந்த மறு ஆண்டே, 2001-இல், மூன்றாண்டு மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். எதிர்ப்புகள் கிளம்பிச் சேர்க்கை நின்றுபோயினும், தேறியவர்களைக் கிராம மருத்துவ உதவியாளர்களாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் நியமித்தார்கள். டாக்டர் எவரும் போகத் தயங்கிய காட்டுப் பகுதிகளில் அவர்கள் இருந்து பணி செய்தார்கள். சாதாரணமாக வரும் நோய்களைக் கையாளுவதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குக் குறைந்தவரல்லர் என்று 2010-இல் வெளிவந்த ஆய்வு கண்டது.

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, இம்மாநிலத்தின் பீஜாப்பூர் மாவட்டத்து ஜாங்லா கிராமத்தில் ஆயுஷ்மான் பாரதத்தின் முதல் நல வாழ்வு மையம் திறக்கப்பட்டது. 2023-இல் இம்மையங்களுக்கு ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாற்றினார்கள். சமவெளியில் ஏறத்தாழ 5000 பேருக்கும், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அதில் அமரும் செவிலியர் தம் நர்ஸிங் படிப்புக்கு மேல் 6 மாதச் சமுதாய சுகாதாரப் படிப்பையும் முடித்தவர். பிரசவமும் தடுப்பூசியும் மட்டுமின்றி, 30 வயது கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, சிலவகைப் புற்றுநோய் ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பது, கண், காது, பல், மனநலம், முதியோர் பராமரிப்பு, அவசர உதவி என்று அவர் சுமை நாளுக்கு நாள் கூடுகிறது. இவையனைத்தையும் ஆறு மாதத்தில் ஒருவர் தலையில் ஏற்றிவிட முடியுமா? வேலையில் இருந்துகொண்டே கற்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு ஐயம் எழுந்தால் அடுத்த அறையில் மற்றொருவர் இருப்பார். இங்கே அடுத்த அறை என்பதே மருந்து அலமாரிதான். தனியே இருப்பவருக்கே படிப்பு அதிகம் வேண்டும். அவருக்கே அதற்கு வாய்ப்புக் குறைவு. ரயில்வேயில் ஒருவர் வகுப்புக்குப் போனால் அவர் இடத்தில் உட்கார ‘லீவ் ரிசர்வ்’ ஆள் வருவார். தீதிக்கு அப்படி ஒருவர் இல்லை. ஆகையால் அவர் கற்கப் போனால் கதவு மூடுகிறது; போகாவிட்டால் திறந்த கதவுக்குள் பழைய புத்தகம் இருக்கிறது. நம் கோபத்தை அட்டையின் மேல் காட்டியது தவறு. மாற்று ஆள் இல்லாத ஏற்பாட்டைப் பற்றியன்றோ கேட்டிருக்க வேண்டும்?

நோட்டுப் புத்தகம்

இவற்றையெல்லாம் நமக்கு உணர்த்தியது புரட்டாசி மாதத்து நிகழ்ச்சி. அண்டை வீட்டுக்காரர் நம் ஜில்லாக்காரர். ரயில்வேயில் கலாசியாக இருப்பவர். புழுக்கம் தாங்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தார். வீக்கம் இல்லை, கடித்த அடையாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. முந்தைய இரவு உண்டதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் மனைவி ஓமத்தைக் காய்ச்சினார். நாமும் அதையே நினைத்தோம். வலி தணியாததால், ஏழு மணிக்குக் கதவைத் திறந்த தீதியிடம் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம்.

தீதி வயிற்றைத் தொடுவதற்கு முன் அவர் கண்களைப் பார்த்தார். “மேலே பாருங்கள்” என்றார். இமைகள் பாதிதான் எழுந்தன. “எங்கே படுத்தீர்கள்?” என்று கேட்டார். தரையில் என்றதும் அவர் முகம் மாறியது. உடனே 108-க்குப் போன் செய்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் சொல்லி வைத்தார். எச்சில் விழுங்க முடிகிறதா, மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்தபடி வண்டியிலும் உடன் ஏறினார். கட்டுவிரியன் கடி. அது இரவில் தூங்குபவரைக் கடிக்கும். பல சமயம் வலியோ வீக்கமோ இராது. விடியும்போது வயிற்று வலியாகத் தோன்றி, இமை சரிந்து, இறுதியில் மூச்சையே நிறுத்தும். ஆஸ்பத்திரியில் முறிமருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் இயந்திரத்தின் துணையால் மூச்சு விட்டார். பத்தாம் நாள் நடந்து வீடு திரும்பினார்.

வீக்கம் இல்லையே, பல் பதிந்த தடம் இல்லையே, எப்படிக் கண்டுகொண்டீர்கள் என்று பின்னொரு நாள் தீதியைக் கேட்டோம். அவர் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். இந்தியில் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு. சரிந்த இமையுடன் ஒரு முகம் பென்சிலால் வரைந்திருந்தது. மேலே தேதி. நம் பெண்ணுக்குப் பேதி கண்ட நாள் அது! நாம் மூடிய கதவின் முன் நின்று ஏசிய அந்த வேளையில் அவர் இந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்தார். நமக்குப் பேச நா எழவில்லை. மன்னிப்புக் கேட்டோம். “அன்று குழந்தைக்கு நான் இல்லாததும் உண்மைதானே, பையா” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார்.

எது படிப்பு?

பயிற்சி என்று பெயரிட்டவையெல்லாம் படிப்பாகா என்பதையும் தீதியே சொன்னார். ஐம்பது பேரை ஒரு கூடத்தில் உட்கார வைத்து, திரையில் எழுத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பும் வகுப்புகளும் உண்டு. மறுநாளே மறந்துபோகும் என்றார். நோயாளி ஒருவரின் கதையைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்கும் வகுப்பே மனத்தில் நிற்கிறதாம்.

இதற்கு நல்ல சான்று ஒன்றைப் படித்தோம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் ‘எக்கோ’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்குப் பல்கலைக் கழக நிபுணரைப் பார்க்கக் கிராமத்தார் மாதக்கணக்கில் காத்திருந்த காலம். சிற்றூர்களிலிருந்த டாக்டர்களும் செவிலியர்களும் உதவியாளர்களும் வாரம் ஒரு முறை வீடியோவில் கூடித் தம் நோயாளிகளைப் பற்றி நிபுணரிடம் எடுத்துரைப்பார்கள். ஒருவர் கேட்கும் கேள்விக்கு வரும் விடை எல்லோருக்கும் பாடமாகும். 2011-இல் வெளியான முடிவின்படி, பல்கலைக் கழகத்தில் 57.5 சதவீதத்தினரும், சிற்றூர்களில் 58.2 சதவீதத்தினரும் குணமடைந்தனர். நிபுணர் ஊருக்கு வரவில்லை. அவர் அறிவு வந்தது. நம் பெங்களூரு நிம்ஹான்ஸும் சத்தீஸ்கரின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு மனநலத்தை இம்முறையில் கற்பித்திருக்கிறது. 2019 நவம்பரில் தொடங்கிய ‘இ-சஞ்சீவனி’ வழியாகத் தீதி போன்றவர்கள் தொலைவிலுள்ள டாக்டரைக் கலந்துகொள்ளவும் முடிகிறது.

நம் வீட்டுப் பெண்கள்

இனி, நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நம்மவர்களில் செவிலியர் படிப்புப் படித்த பெண்கள் இல்லாத தெரு இல்லை. தமிழ்நாட்டில் படித்துப் பதிவு செய்துகொண்டு, மணமாகிக் கணவருடன் இங்கு வந்து, பிள்ளை வளர்ப்பில் ஏழெட்டு ஆண்டுகள் கழிந்த பின் மறுபடி வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழை எடுத்துப் பார்க்கும்போது திகைக்கிறார்கள். நம் மைத்துனியின் கதையும் அதுவே. பதிவைப் புதுப்பிக்கவில்லை, இம்மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளவில்லை, இடையில் கற்றதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோன்றியது இன்றைய தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சில். வேறு மாநிலத்தில் வேலை பார்க்க அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்குப் பழைய கவுன்சிலின் ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும். பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் 150 மணி நேரம் தொடர்கல்வி என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. அது மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறையில் வேறுபடும். 1947-ஆம் ஆண்டின் நர்ஸிங் சட்டத்துக்குப் பதிலாகப் பாராளுமன்றம் 2023-இல் புதுச் சட்டம் இயற்றியிருப்பதால் விதிகளும் மாறக்கூடும். ஆதலின் காதால் கேட்டதை நம்பாமல் மாநிலக் கவுன்சிலையே விசாரித்துக்கொள்ளுதல் நலம். கலந்துகொண்ட ஒவ்வொரு வகுப்பின் சான்றையும், மணிக் கணக்கையும், தேதியையும் ஒரே உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கட்டும். நகையை வைக்கும் பெட்டியிலேயே வைத்தாலும் தகும். அதற்கும் விலை உண்டு.

கணவன்மாருக்கும் மாமியார்மாருக்கும் சொல்ல வேண்டியதும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வகுப்புக்குப் போனால், “படிப்புதான் முடிந்துவிட்டதே” என்று சொல்லாதிருப்போம். அன்று ஒரு வேளை சமையலை நாமே செய்தால் வீடு இடிந்துவிடாது. நம் சங்கக் கூடம் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் வரையில் பூட்டியே கிடக்கிறது. ஊரிலுள்ள தமிழ்ச் செவிலியர்கள் அங்கே கூடித் தாம் கண்ட நோயாளிகளைப் பற்றி, பெயர் சொல்லாமல், கலந்து பேசிக்கொள்ளலாம். அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். அதில் மணிக் கணக்கு சேருமோ சேராதோ, சீட்டு ஒட்டப்படும். நிர்வாகிகள் கருதிப் பார்ப்பார்களாக.

சென்ற வாரம் தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனோம். கதவில் மறுபடியும் அந்த அட்டை தொங்கிற்று. அதே கிழவர் வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நமக்குத் தெரிந்த இந்தியில், தீதி படிக்கப் போயிருக்கிறார், நாளைக்கு வருவார் என்று சொன்னோம். தாயாரிடம் இரண்டு நாளைக்கு மாத்திரை மீதி இருந்தது. வீட்டுக்குத் திரும்பினோம்.